வராதவருக்கு இருபத்து மூன்று கேள்விகள்

டிசம்பர் இரண்டாம் வாரம். உருகுவேயின் வடக்கு வெயிலில்
பள்ளிக்கூடத் தகரக் கூரை
நெளிந்து நெளிந்து டக்கென்று சொடுக்கும்.
பதினொரு பிள்ளைகள். வெள்ளை அங்கி, கழுத்தில் நீல முடிச்சு.
முடிச்சைச் சரியாகக் கட்டத் தெரிந்தவள்
நான்காம் வகுப்பு நெரெய்தா ஒருத்திதான்.
காலையில் அவள் முன்னால் ஒரு வரிசை நிற்கும்,
சில நாள் அதில் நானும், தலையணைச் சுருக்கம் மாறாத
ஒரு முதல் வகுப்பைப் பிடித்துக்கொண்டு.

திங்களன்று பல் டாக்டர் வந்தார்.
குதிரைக்குப் பொருந்தும் அளவில் ஒரு பிளாஸ்டிக் தாடை,
முழங்கை நீளத்தில் ஒரு பிரஷ்.
எல்லாரும் ஆளுக்கொரு முறை தேய்த்தார்கள்.
"செத்துப்போனது யாரு?" என்று மைக்கோல் கேட்டான்.
டாக்டர் என்னைப் பார்த்தார்.
நான் ஜன்னலைப் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை, தேனீ வளர்க்கும் எல்பா.
கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் அடை,
அதன்மேல் ஊரே திரண்டதுபோல் தேனீக்கள்.
ராணியைக் கண்டுபிடித்தால் ஒரு கரண்டி தேன் என்றாள்.
பதினொரு பேரும் கண்டுபிடித்தார்கள்,
பதினொரு ராணிகளை.
எல்பாவுக்குக் கணக்குப் பார்க்கத் தெரியாது. தந்துவிட்டாள்.

புதனன்று தீயணைப்பு வீரர் வர வேண்டும்.
இரண்டு வாரமாகச் சேர்த்த கேள்விகள்,
ஒரே நீளத் தாளில், இருபத்து மூன்று.
எட்டரைக்கே வாசல் கம்பிவேலியில் தொற்றிக்கொண்டு
சிவப்பு வண்டியைத் தேடினார்கள்.
சிவப்பாய் வந்தது ஒரு மாடு.
பத்தரைக்கு, யூக்கலிப்டஸ் தோப்புக்கு மேலே
விரலளவு புகை. பிறகு கையளவு.
யமண்டுதான் சொன்னான்:
"டீச்சர், அவர் வரமாட்டார்.
அதோ, அங்கே இருக்கிறார்."

கிணற்று மோட்டாரைப் பழுதுபார்க்க வந்திருந்த அதெமாரை
ஐந்து நிமிஷம் பேசச் சொன்னேன். வேறு வழியில்லை.
கிரீஸ் கையைக் கால்சட்டையில் துடைத்து,
தொப்பியைக் கழற்றிச் சாக்பீஸ் டப்பாமேல் வைத்து,
"எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை" என்று தொடங்கினார்.
சாப்பாட்டு மணி அடித்தும் ஒருவரும் எழவில்லை.

"கிணற்றுக்குள்ளிருந்து பார்த்தால்
பகலிலும் நட்சத்திரம் தெரியுமாமே?"
"பொய். நாற்பது கிணறு இறங்கியிருக்கிறேன்.
மேலே வட்டமாய் ஒரு துண்டு வானம்,
அதில் என் மனைவியின் தலை.
இருக்கிறேனா என்று அவ்வப்போது எட்டிப் பார்க்கும்."
"எட்டிப் பார்க்காவிட்டால்?" நெரெய்தா.
"கத்துவேன்."
"என்னவென்று?"
அவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.
"மணி என்ன ஆச்சு என்று."

வியாழக்கிழமை சரியாக நினைவில்லை.
பசை, வண்ணக் காகிதம், யாரோ அழுதது.

வெள்ளியன்று கேக், மதிப்பெண் அட்டை, கொடி இறக்கம்.
கண்ணாடி டம்ளரில் முளைவிட்ட அவரையை
ஆளுக்கொன்றாய்த் தூக்கிக்கொண்டு போனார்கள்.
மைக்கோலுடையது கடைசிவரை முளைக்கவே இல்லை.
ஈரப் பஞ்சை அப்படியே
இரண்டு கையாலும் மூடி எடுத்துப் போனான்.

ஆறு மணிக்கு நான் துடைப்பத்தோடு நின்றபோது
அந்தச் சிவப்பு வண்டி வந்தது.
சட்டையில் சில்வேரா என்று தைத்திருந்தது,
புருவத்தில் பாதி இல்லை.
"எல்லாம் போய்விட்டார்களா?" என்றார்.
முதல் வகுப்பு நாற்காலியில் உட்கார்ந்தார்,
முழங்கால் மோவாயைத் தொட்டது.
மூன்று டம்ளர் தண்ணீர். பேச்சில்லை.

கேள்வித் தாள் இன்னும் சுவரில்தான் இருந்தது.
வாய் அசைய, ஒவ்வொன்றாய்ப் படித்தார்.
உங்கள் வண்டிக்குப் பெயர் உண்டா.
பூனை மரத்தில் ஏறினால் நிஜமாகவே வருவீர்களா.
பயமாக இருக்குமா.
பதினேழாவதில் நின்றார், யமண்டுவின் கோணல் எழுத்து:
நெருப்புக்குப் பக்கத்தில் நிற்கும்போது பசிக்குமா.

பென்சில் கேட்டார்.
அதன் கீழே எழுதினார்: ரொம்ப.

மிச்சமிருந்த கேக்கை நான் எடுத்து வைத்தேன்.
தாளைக் கழற்றவில்லை.
மார்ச் மாதம்தான் பள்ளி திறக்கும்.